அக்வாபோனிக்ஸ் தொட்டியில் பிஎச் 5.7 வரை இறங்கிவிட்டது, சுண்ணாம்பு போடலாமா?

வேர்க்கிளம்பி_தோட்டம்:

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டித் தண்ணீரையே சுற்றவிட்டுச் செடி வளர்ப்பது, செய்து பழகியவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எனக்கு இதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் பின்னால் கிணற்றுக்கும் தென்னைக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில் சித்திரையில் தொடங்கினேன். பழைய ஆயிரம் லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக்கூட்டுக்குள் இருக்கும் சதுரப் பிளாஸ்டிக் தொட்டி), முன்பு சமையல் எண்ணெய் வந்தது, 6,500 ரூபாய். மேலே ஓரடி உயரத்தை அறுத்துக் கவிழ்த்துச் செடிக்கு வைத்தேன், கீழே மீனுக்கு 600 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. செடித் தட்டில் முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி. தட்டு நிறைந்ததும் தண்ணீரைத் தானாக வடித்துவிடும் பெல் சைபனைச் சரியாக்கவே ஒரு வாரம் ஓடியது, தண்ணீர் நிறைந்து வடியத் தொடங்கும், ஆனால் வடிந்து முடியாமல் கொளகொளவென்று அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பம்பு குழாயில் ஒரு வால்வு வைத்து வரத்தைக் குறைத்த பிறகுதான் சரியானது.

அவசரப்பட்டு, மீன் கழிவை மாற்றும் பாக்டீரியா வளரும் முன்னாலேயே, நான்காம் நாள் 40 கிஃப்ட் (வேகமாக வளரும் ரகம்) திலேப்பியா மீன்குஞ்சு விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் 11 போனது. விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தென்னைமூட்டில் புதைத்தார்கள். தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றித்தான் மிச்சத்தைக் காப்பாற்றினேன். வைகாசி கடைசியில் மீன் கழிவால் வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், தண்டங்கீரை தளதளவென்று வந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனியில் மழை பிடித்தது, அப்புறம்தான் இந்தக் கஷ்டம். 6.8 இருந்த பிஎச் (7-க்குக் கீழே போகப் போகத் தண்ணீர் புளிப்பு) இப்போது 5.7. அம்மோனியா மறுபடி 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) காட்டுகிறது, நைட்ரைட் பூஜ்யம். தக்காளியில் அடி இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோலக் கருகி வருகிறது, நுனி இலை பச்சையாகவே இருக்கிறது. மீன் சாகவில்லை, தீனி மட்டும் மெதுவாகத்தான் எடுக்கிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு பிடி போடுகிறேன், அளந்து பார்த்தேன், ஒரு பிடி 60 கிராம். கிணற்றுத் தண்ணீர் பிஎச் 6.2. பக்கத்து வீட்டு மாமா நீற்றுச் சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

குளத்துமீன்_பறக்கை:

மாமா சொன்னது சரிதான் மக்கா. நான் குளத்தில் கட்லா, ரோகு விட்டு 12 வருஷம் ஆகிறது, மழை பெய்து தண்ணீர் புளித்தால் சுண்ணாம்புதான் போடுவோம். 600 லிட்டருக்கு ஒரு கைப்பிடி போதும், ஒரு வாளியில் கரைத்துவிட்டு ஊற்று.

தக்கலை_மீனும்கீரையும்:

தம்பி, தயவுசெய்து சுண்ணாம்பை இன்றைக்குப் போட்டுவிடாதே! அண்ணாச்சி குளத்துக்குச் சொன்னது சரி. குளத்துக்கு அடியில் சேறு இருக்கிறது, பரப்பு பெரிது, போடுகிற சுண்ணாம்பை அது தாங்கிக்கொள்ளும். உன் தொட்டியில் சேறும் இல்லை, தாங்குகிற சக்தியும் இல்லை. ஒரு பிடி நீற்றுச் சுண்ணாம்பு அரை மணி நேரத்தில் பிஎச்சை 8-க்கு மேல் கொண்டு போய்விடும்.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள். நீ அளக்கிற 4 பிபிஎம்மில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று அம்மோனியம், அது மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இன்னொன்று நச்சான அம்மோனியா. 5.7-ல் கிட்டத்தட்ட எல்லாமே அம்மோனியம்தான், அதனால்தான் உன் மீன் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிஎச் ஒவ்வொரு எண் ஏறும்போதும் நச்சுப் பங்கு ஏறத்தாழ 10 மடங்கு கூடும். ஒரே நாளில் 7.7-க்கு ஏற்றினால் இப்போது இருப்பதைப்போல 100 மடங்கு. முதல் வருஷம் நான் இதே தப்பைச் செய்து ஒரு ராத்திரியில் 30 மீனைப் பறிகொடுத்தேன். மறுநாள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

பிஎச் இறங்கியதற்கு மழை பாதிக் காரணம்தான். மீன் விடுகிற அம்மோனியாவை ஜல்லியில் ஒட்டியிருக்கிற பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது இல்லையா, அப்போது அமிலமும் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கிக்கொள்கிற சுண்ணாம்புச் சத்து, செலவாகும். நம் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்துச் செம்மண் கிணறுகளில் பலதிலும் தண்ணீர் ரொம்ப மெது, செலவழிக்க அதில் அந்தச் சத்தின் கையிருப்பே இருக்காது. மழைத்தண்ணீரிலும் கிடையாது. கையிருப்பு தீர்ந்ததும் பிஎச் விழும், 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா சோம்பிவிடும், அம்மோனியா தேங்கும். உன் தொட்டியில் நடந்திருப்பது இதுதான். பாக்டீரியா செத்துவிட்டதோ என்று பயப்படாதே, திரும்பி வரும்.

முதலில் தீனியை இரண்டு நாள் அடியோடு நிறுத்து, ஒன்றும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இன்றைக்கு மாற்று, நாளை மறுநாள் இன்னொரு பங்கு. அம்மோனியா 1-க்குக் கீழே வந்த பிறகே பிஎச்சைத் தொடு. அதற்குச் சிப்பி ஓடு போதும், நம் கடற்கரையில் அதற்கா பஞ்சம்? சிப்பி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஓட்டைத் தூரப் போடாமல் நன்றாக வேகவைத்து, உள்ளே ஒட்டியிருக்கிற சதையையும் நாரையும் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சுத்தியலால் ஒன்றிரண்டாக உடைத்து ஒரு வெங்காய வலைப்பையில் போடு. இரண்டு கிலோ எடுத்து, சைபன் தண்ணீர் விழுகிற இடத்தில் நேராக நனையும்படி கட்டித் தொங்கவிடு. தண்ணீர் புளிப்பாக இருந்தால் ஓடு வேகமாகக் கரையும், 7-ஐ நெருங்கினால் தானே மந்தமாகிவிடும். சுண்ணாம்பைவிட இதை நான் நம்புவது அதனால்தான். ஒரு நாளில் 0.2, 0.3-க்கு மேல் ஏறினால் பையை வெளியே எடுத்துவிடு.

தீனியும் உனக்கு அதிகம். ஐபிசி தட்டு 1.2 சதுர மீட்டர்தான். கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீனிதான் கணக்கு. நீ 120 கிராம் போடுகிறாய். தண்ணீர் சரியான பிறகும் 60-ஐத் தாண்டாதே.

தக்காளி இலை எனக்குப் பொட்டாசியம் குறைவாகத் தெரிகிறது. பழைய இலை, ஓரக் கருகல், அதுதான் அடையாளம். மீன் தீனியில் பொட்டாசியம் குறைவு, தக்காளிக்கோ நிறைய வேண்டும். பிஎச் 6.5 தாண்டிய பிறகு பொட்டாசியம் சல்பேட் கொஞ்சம் கரைத்து இலையில் தெளி. நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறைவு, அது வேறு கதை.

குளத்துமீன்_பறக்கை:

அக்கா சொல்வதுதான் சரி, நான் குளத்துக் கணக்கைத் தொட்டிக்குச் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு போடாதே மக்கா.

ரப்பர்காட்டு_ராத்திரி:

சில விஷயம் மட்டும். செடித் தட்டுக்கு மேலே ஒரு தெளிவான ஷீட் போட்டுவிடுங்கள், சாரலுக்கே எங்கள் குலசேகரத்தில் தொட்டி நிரம்பி வழியும். வழிந்த தண்ணீரோடு திலேப்பியா குஞ்சு ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடக் கூடாது, வழிகுழாய் வாயில் வலை கட்டுங்கள். திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும், நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் காற்றுக்கு ரப்பர்க் கொம்பு ஒடிந்து லைனில் விழுந்தால் எங்களுக்கு ஆறு மணி நேரம் கரண்ட் இருக்காது. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்பு ஒன்று கட்டாயம் வையுங்கள், மீனுக்கு அவ்வளவு நேரம் தாங்காது.

வேர்க்கிளம்பி_தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்றோடு 16 நாள் ஆகிறது. தீனியை நிறுத்திய இரண்டு நாளும் நான் பக்கத்தில் போனாலே 29 மீனும் கரைக்கு வந்து நிற்கும், மனசு கேட்கவில்லை, ஆனாலும் போடவில்லை. இரண்டு தடவை தண்ணீர் மாற்றியதும் அம்மோனியா 1.5, ஐந்தாம் நாள் 1-க்குக் கீழே. அன்றைக்குத்தான் சிப்பிப் பையைக் கட்டினேன். குளச்சலில் இருந்து மச்சான் மூன்று கிலோ கொண்டுவந்தார், ஓட்டைச் சுரண்டி எடுக்க அம்மாவுக்கும் எனக்கும் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

தினமும் காலை ஏழு மணிக்கு அளக்கிறேன். 5.8, 5.9, 6.1 என்று மெல்ல ஏறி இன்றைக்கு 6.6. அம்மோனியா 0.25. ஓட்டின் முனைகள் மழுங்கி, தொட்டால் மாவுபோல விரலில் ஒட்டுகிறது. கருகிய இலைகளைக் கிள்ளிவிட்டேன், பொட்டாசியம் இன்னும் தெளிக்கவில்லை, அக்கா சொன்னதுபோல 6.5 தாண்டட்டும் என்று காத்திருந்தேன். நாளைக்குத் தெளிக்கலாம்தானே, அக்கா? ஒரு லிட்டருக்கு எவ்வளவு?

தக்கலை_மீனும்கீரையும்:

தெளிக்கலாம் தம்பி. லிட்டருக்கு 5 கிராம் போதும், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு. தொட்டியில் சொட்டாமல் ஒரு சாக்கை மறைத்துக்கொள். சிப்பி ஓடு பாதியாகக் கரைந்ததும் புதிது சேர்த்துவிடு, ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு பை காயவைத்து எடுத்து வைத்துக்கொள்.