ஷார்ஜாவுல ரூம், துபாயில வேலை: கார் எடுக்கப்போற குமரிக்காரங்களுக்கு

கேள்வி: அண்ணன்மாரே, ஊர் தக்கலை. நாகர்கோவில் நெரிசல்ல கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. இங்க எதைக் கவனிக்கணும்?

பதில்: தம்பி, முதல்ல லைசன்ஸ். ரெசிடென்ஸ் விசா அடிச்சாச்சுன்னா ஊர் லைசன்ஸ வச்சு ஓட்டக்கூடாது. டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து ரோட் டெஸ்ட் பாஸாகணும். ஊர் லைசன்ஸ் பழசா இருந்தா கிளாஸ் குறையும், கையோட வச்சுக்கோ. ஆட்டோமேட்டிக்ல எடுத்தா கியர் வண்டி ஓட்ட முடியாது. வேன் வேலைக்குப் போற எண்ணம் இருந்தா மேனுவல்லயே எடு.

வலப்பக்கம் ஓட்டுறது நேர் ரோட்டுல சீக்கிரம் பழகிடும். ஆளு மாட்டுறது ரவுண்டானாவுல. நம்ம நாகர்கோவில் செட்டிகுளம் ஜங்ஷன்ல மூக்க நுழைச்சவனுக்குத்தான் வழி. இங்க உள்ள சுத்திட்டு இருக்கிற வண்டிக்கு வழி விட்டே ஆகணும், அது உனக்கு இடப்பக்கத்துல இருந்து வரும். பழக்கதோஷத்துல கண்ணு வலப்பக்கம் போகும். இடிச்சா தப்பு உன் மேலதான்.

இன்னொண்ணு, லைட். களியக்காவிளை ரோட்டுல எதிர்ல வர்றவன் லைட் அடிச்சா ‘நான் வாறேன், நீ நில்லு’ன்னு அர்த்தம். இங்க பின்னால இருந்து அடிச்சா ‘லேன் விடு’. இடது கடைசி லேன் முந்திப் போறதுக்கு, அங்க உருட்டிட்டு இருக்காத. வலக் கண்ணாடியப் பாத்து, இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கிக்கோ. வீம்புக்கு பிரேக் அடிக்காத. எக்ஸிட் தவறினா தவறட்டும், ரிவர்ஸ் மட்டும் எடுக்காத.

வேறொருவர் பதில்: அண்ணன் சொன்னதோட காசுக் கணக்கும் பாத்துக்கோங்க. இத்திஹாத் ரோடு வழியா வந்தா மம்ஸார்ல சாலிக் கேட், அதாவது துபாயோட டோல் கேட். 2025 ஜனவரி 31-ல இருந்து காலை 6–10, மாலை 4–8 மணிக்கு 6 திர்ஹம், மத்த நேரம் 4, ராத்திரி 1–6 இலவசம். ஞாயிறு பகல் முழுக்க 4தான். இ311, இ611 ஹைவே ரெண்டுலயும் கேட் கிடையாது. ஆனா காலையில இ311-ம் அடைச்சுத்தான் கிடக்கும். டோலுக்குப் பயந்து சுத்துறதுக்கு முன்னால பெட்ரோலையும் கூட்டிப் பாருங்க.

துபாயில போர்டுல 100-ன்னா கேமரா 120 வரை விடும். அபுதாபியில அந்தச் சலுகைய 2018-லயே எடுத்துட்டாங்க, போர்டுல உள்ளதுதான் கணக்கு. சிவப்பு சிக்னல் தாண்டினா 1000 திர்ஹம், லைசன்ஸ்ல 12 கருப்புப் புள்ளி (தப்புக்குப் போடுற மார்க்), வண்டிய 30 நாள் போலீஸ் பிடிச்சு வச்சுக்கும். 24 புள்ளி சேர்ந்தா லைசன்ஸையே முடக்கிடுவாங்க. ஸ்கூல் பஸ் ஸ்டாப் போர்ட நீட்டினா 5 மீட்டர் தள்ளி நிக்கணும். பிள்ளைங்க ஏறியாச்சேன்னு நகராதீங்க, போர்டு மடங்கின பிறகுதான்.