ஓபியாய்டு அனலாக்: 'அபினிநிகரி ஒப்புரு' என்ற சொல்லுக்கான காரணங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

அபினியைப் போலச் செயல்படும் பொருள்களைக் குறிக்கும் 'ஓபியாய்டு', ஒரு மூலக்கூறின் உருவை ஒத்த மற்றொன்றைக் குறிக்கும் 'அனலாக்' ஆகிய ஆங்கிலச் சொற்களுக்கு 'அபினிநிகரி', 'ஒப்புரு' என்பவற்றை முன்மொழிகிறேன். 'ஓபியாய்டு' என்பதற்கு 'அபினிப்போலி' என்று ஏற்கெனவே முன்மொழிந்தவரின் வழி முறையானதுதான். பாடநூல்களில் 'மெட்டலாய்டு' உலோகப்போலி ஆகியிருக்கிறதே. ஆனால் மருந்தின் பெயரில் 'போலி' வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வலித்தணிப்புச் சிகிச்சைக்கான கையேடு ஒன்றில், அபினியிலிருந்து கிடைக்கும் வலிநிவாரணியான மார்ஃபினை அப்படிக் குறித்து எழுதிக்கொடுத்தவன் நான். அதைப் படித்த மூதாட்டி ஒருவரின் மகன், அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி, "இது போலி மருந்துங்களா?" என்று கேட்டார். அன்றே அச்சொல்லை அடித்துவிட்டேன்.

'அபினி' என்ற முற்பகுதி இருக்கட்டும். அது அரபி வழியாக நம்மிடம் வந்த கிரேக்கச் சொல். 'ஓப்பியம்' என்பதற்கும் அதுவே வேர். பிற்பகுதிக்கு 'நிகரி' என்கிறேன், ஏனெனில் இக்குடும்பத்தின் உறவு செயலை வைத்தே அறியப்பட்டது. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் ஓட்டோ ஐஸ்லெப் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்தைத் தேடிப் பெத்திடின் என்ற செயற்கைப் பொருளை உருவாக்கினார். அதைச் செலுத்திய எலிகளின் வால் முதுகுப்புறமாக வளைந்து நிமிர்ந்து நின்றதைக் கண்ட மருந்தியலாளர் ஷாவ்மான், மார்ஃபின் தந்த எலிகளிடம் காணும் அதே நிலை இது என்று உணர்ந்தார். தாளில் வரைந்தால் இரண்டு மூலக்கூறுகளும் எளிதில் ஒன்றுபோலத் தோன்றா. வால்தான் உறவைச் சொன்னது. 1973-இல் மூளையில் இவற்றுக்கான ஏற்பிகள் (இப்பொருள்கள் பற்றிக்கொண்டு செயல்படும் இடங்கள்) இனங்காணப்பட்டு, 1975-இல் ஆபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் உடலே சுரக்கும் என்கெஃபலின்களை அறிவித்த பிறகு, அபினி தரும் கசகசாச் செடியோடு தொடர்பே இல்லாத பெப்டைடுகளும் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலிகளும்) இச்சொல்லுக்குள் வந்துவிட்டன.

அடுத்து 'அனலாக்'. இதற்கு, ஒன்றிலிருந்து ஆக்கப்பட்ட மற்றொன்றைக் குறிக்கும் 'வழிப்பொருள்' பொருந்தாது. 1874-இல் ஆல்டர் ரைட் மார்ஃபினிலிருந்தே ஆக்கிய டைஅசெட்டைல்மார்ஃபின், அதாவது ஹெராயின், வழிப்பொருள். பெல்ஜியத்தில் பால் யான்சென் 1960-இல் உருவாக்கிய செயற்கை அபினிநிகரியான ஃபென்டனிலுக்கும், பின்னர் அதே ஆய்வகத்தில் பிறந்த சுஃபென்டனில், அல்ஃபென்டனில், கார்ஃபென்டனில் ஆகியவற்றுக்கும் உள்ள உறவு அத்தகையதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்க வேண்டியதில்லை, மூலக்கூறின் சட்டகம் ஒன்றாக இருந்து அதில் சில அணுத் தொகுதிகள் மாறினால் போதும். உருவத்தை மட்டும் சொல்லும் 'ஒப்புரு' இங்கே சரியாக அமர்கிறது.

இரண்டு சொற்களையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்கு நலோக்சோன் என்ற முறிமருந்தே சான்று. ஆக்சிமார்ஃபோன் என்ற அபினிநிகரியில் நைட்ரஜனோடு இணைந்த மெத்தில் தொகுதியின் இடத்தில் அல்லைல் தொகுதியை வைத்தால் நலோக்சோனின் உரு கிடைக்கிறது. ஆனால் அது ஏற்பியைத் தூண்டாமல் அடைத்துக்கொள்கிறது. அபினிநிகரி அளவு மீறி மூச்சு நின்றுபோகும் நிலையிலிருந்து மனிதரை மீட்கிறது. அது அபினிநிகரியின் ஒப்புரு, ஆனால் அபினிநிகரி அன்று. இந்த வேறுபாட்டை ஒரே சொல்லில் அடைக்க முயன்றால் பொருள் கெடும்.

'நிகர்' என்றால் வீரியமும் சமம் என்று படிப்பவர் எண்ணலாம் என்ற தடையை நான் ஏற்கிறேன். ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ளது. 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடாவது 100 மைக்ரோகிராம் ஃபென்டனில். இந்த வேறுபாட்டை எந்தப் பெயராலும் தாங்க முடியாது. ஆகவே மருந்துக் குறிப்புகளில் பெயரை அடுத்து அளவையும், 'மைக்ரோகிராம்' என்பதைச் சுருக்காமல் முழுச் சொல்லாகவும் எழுத வேண்டும் என்பதையும் இம்முன்மொழிவோடு சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.