கேமிங் பிசி அசெம்பிள் பண்ணீங்களா, கன்சோல் வாங்கினீங்களா? நடந்ததைச் சொல்லுங்க

மலைக்கோட்டை:

நானே ஆரம்பிக்கிறேன். 2022 அக்டோபர், தீபாவளி போனஸும் சீட்டு எடுத்த பணமும் சேர்த்து கையில் 45,000 ரூபாய். பிளேஸ்டேஷன் 5 கன்சோல் (டிவியில் சொருகி கேம் ஆடும் பெட்டி) அப்போது 49,990 (அடுத்த மாதமே 54,990 ஆனது), அதுவும் ஸ்டாக் வருவது குதிரைக்கொம்பு. "அந்தக் காசுக்கு பிசியே கட்டிடலாம் மாப்ள, விளையாடவும் ஆச்சு, தங்கச்சி படிக்கவும் ஆச்சு" என்று நண்பன் ஏற்றிவிட்டான். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து காலையில் எழும்பூர், டீ குடித்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்.

பிராசசர் ஐ3 12100எஃப் 9,200, எல்லாவற்றையும் மாட்டும் மதர்போர்டு 7,000, 16 ஜிபி ராம் 4,300, சேமிக்க எஸ்எஸ்டி 3,400, பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 4,000, கேபினெட் 2,500. மொத்தம் 30,400. இதுவரை மனசுக்குள் ராஜா நான். கேம் படத்தைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு புதுசு என்ன விலை என்று கேட்டதும் இறங்கிவிட்டேன். ஆர்எக்ஸ் 6600 ஒன்றே 25,000 கிட்ட வந்தது.

அந்த செப்டம்பரில்தான் எத்திரியம் என்கிற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டிக் காசு பார்க்கும் மைனிங் இல்லாத முறைக்கு மாறியிருந்தது. இரண்டு வருஷம் கண்ணிலேயே படாத கார்டுகள் செகண்ட் ஹேண்டில் குவிந்து கிடந்தன. ஆன்லைனில் பார்த்த ஒருவரிடம், மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்றபடி 9,000 கொடுத்து ஆர்எக்ஸ் 580 வாங்கினேன். "வீட்ல மட்டும்தான் யூஸ் பண்ணேன் ப்ரோ" என்றார். கார்டைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். வீட்டில் விளையாடிய கார்டில் கொஞ்சமாவது தூசி இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்கு வந்து வீடியோ பார்த்துப் பார்த்து நாலு மணி நேரம் மாட்டினேன். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ராமைக் கழற்றி மாட்டி, பிராசசரைக் கழற்றி மாட்டி, குலதெய்வத்தையும் கூப்பிட்டாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் எச்டிஎம்ஐ வயரை போர்டில் சொருகியிருக்கிறேன். பேர் முடிவில் 'எஃப்' வரும் பிராசசரில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, வயரை கார்டில்தான் சொருக வேண்டும். சிரிக்காதீங்க, இரண்டு மணி நேரம் போச்சு.

அந்த 'எஃப்' என்னை இன்னொரு தடவையும் கவிழ்த்தது. ஐந்தாவது மாதம் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள், அப்புறம் இருட்டு. கார்டு போனது போகட்டும், மெயில் பார்க்கக்கூட வழியில்லாமல் மொத்த மெஷினும் படுத்துவிட்டது. 'எஃப்' இல்லாத பிராசசருக்கு இரண்டாயிரம் சொச்சம் கூடக் கொடுத்திருந்தால் தங்கச்சியின் ப்ராஜெக்டாவது ஓடியிருக்கும். ரிப்பேர் கடைக்காரர் எங்கேயோ சூடு காட்டி அரை நாள் உயிர் கொடுத்தார். அந்த அரை நாளில் கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அசல் 580க்கு ஷேடர் (கார்டுக்குள் படம் வரையும் சின்னக் கணக்குப் பகுதி) எண்ணிக்கை 2304, என்னுடையதில் 2048. அதே பேரில் வந்த குறைந்த ரகம். வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டியது. விற்றவர் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

முதலில் சொன்ன 45,000 என்ன ஆச்சு என்றால், மானிட்டர் 9,500, கீபோர்டு மவுஸ் 1,200, எங்கள் தெருவில் கரண்ட் நிலவரத்துக்கு யுபிஎஸ் 3,000. பழைய கார்டோடு 53,100. அப்புறம் புது 6600 வாங்கியதையும் சேர்த்தால் 73,000 தாண்டிவிட்டது.

இதில் எனக்கே உறைக்கிற விஷயம் வேறு. நானும் பசங்களும் தினம் ஆடுவது வேலோரன்ட் என்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். கன்சோலுக்கு அது 2024இல்தான் வந்தது, ஆக அன்றைக்கு எனக்கு பிசியை விட்டால் வேறு வழியே இல்லை. ஆனால் வேலோரன்ட் ஆட இவ்வளவு பெரிய கார்டும் வேண்டியதில்லை. நான் கார்டு வாங்கியது வீடியோவில் பார்த்த கேம்களுக்காக, அவற்றில் முடித்தது இரண்டோ மூன்றோ.

கோவை_குசும்பன்:

அண்ணே, கன்சோல்காரன் கதையையும் கேளுங்க. நாங்கள் பத்து ரூபாய்க்கு ஒரு மணி நேரம் என்று பிஎஸ்2 (பழைய பிளேஸ்டேஷன்) கடையில் வளர்ந்த கூட்டம், எனக்கு ஜாய்ஸ்டிக்தான் கைக்கு வரும். மைனிங், ஷேடர் எல்லாம் தெரியாது. பெட்டியைப் பிரித்தோம், டிவியில் சொருகினோம், ஆடினோம். இதில் ஒரு பொய்தான். அந்த டிவி என்னுடையது இல்லை.

ஹாலில் இருப்பது ஒரே டிவி. சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரை அம்மாவின் சீரியல். பத்துக்கு மேல் அப்பாவின் விவாத மேடை. ஐபிஎல் வந்தால் இரண்டு மாதம் ரிமோட் என் கண்ணிலேயே படாது. முதல் மாதம் நான் ஆடியது எல்லாம் ராத்திரி பதினொன்றரைக்கு மேல், சத்தத்தை மூன்றில் வைத்து. நல்ல ஓப்பன் வேர்ல்டு கேமில் குதிரை ஓடுகிற சத்தம் கேட்கவில்லை, அப்பாவின் குறட்டைதான் கேட்டது. நாலாவது மாதம் 11,000 கொடுத்து ஒரு மானிட்டர் வாங்கி ரூமில் வைத்தேன். பிசிக்காரர்கள் கணக்கில் மானிட்டர் வருகிறது, கன்சோல் கணக்கில் டிவி இனாம் என்று யாரோ எழுதியதை நம்பினேன் பாருங்க.

ஆனால் டிஸ்க் விஷயத்தில் நான் ஜெயித்தேன். டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் பத்தாயிரம் கம்மி என்று எல்லாரும் இழுத்தார்கள், நான் டிஸ்க் போடுகிறதுதான் எடுத்தேன். அப்போது புது கேம் 4,999க்கு வரும், மூன்று மாதம் பொறுத்தால் செகண்ட் ஹேண்டில் பாதிக்கும் கீழே கிடைக்கும், முடித்துவிட்டு அதே விலைக்கு ஒட்டித் தள்ளிவிடலாம். ஆபீஸில் நாங்கள் ஐந்து பேர் டிஸ்க்கைச் சுற்றில் விடுகிறோம், லைப்ரரி மாதிரி. பத்தாயிரத்தை முதல் வருஷமே எடுத்துவிட்டேன். ஆன்லைனில் சேர்ந்து ஆட பிஎஸ் பிளஸ் சந்தா தனி, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு மட்டும் அது வேண்டாம்.

இன்னொன்று, என் பிளேஸ்டேஷன் 5 அட்டையில் சேமிக்க 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கிடைப்பது 667தான். நூறு ஜிபி கேம் நாலைந்து ஏற்றினால் எதைத் தூக்குவது என்று யோசிக்க வேண்டும்.

அரைச்சார்ஜ்:

கோவைத் தம்பி சொல்லும் டிஸ்க் கணக்கு சரி. ஆனால் 2020 மே மாதம் ஜிடிஏ 5 கேமை எபிக் என்கிற பிசி கேம் ஆன்லைன் கடை சும்மா கொடுத்தபோது வாங்கிப் போட்டவன் நான். அன்றைக்கு என்னிடம் அதை ஓட்ட மெஷினே கிடையாது, பழைய ஆபீஸ் லேப்டாப்தான். அக்கவுன்டில் கேம் கிடந்தது, பிசி மூன்று வருஷம் கழித்து வந்தது. வாராவாரம் இலவசமாக எடுத்துப் போட்டது மட்டும் நூற்றைத் தாண்டும். ஆடினேனா என்று கேட்காதீங்க.

பம்பலப்பிட்டி_பொடியன்:

கொழும்பில இருந்து. 2022 தொடக்கத்தில கம்ப்யூட்டர் கடைகள் நிறைஞ்ச யூனிட்டி பிளாசாவில பிசி பாகங்களுக்கு விலை எழுதி வாங்கினேன். வீட்டில கதைச்சு முடிவெடுத்து இரண்டு கிழமை கழித்துப் போனால், அந்தக் கடுதாசியைப் பார்த்து கடைக்காரர் சிரிக்கிறார். டொலர் 200 ரூபாயில இருந்து 350ஐத் தாண்டின வருஷம் அது. கேசிங்கும் பவர் சப்ளையும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன், மிச்சம் வாங்க ஒன்றரை வருஷம் எடுத்தது. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது, வாங்கியிருந்தாலும் போட்டுப் பார்த்திருக்க ஏலாது. அந்த வெற்று கேசிங்குக்குள்ளே பல்லி குடியிருந்தது. துண்டு துண்டாக வாங்கலாம் என்பதுதான் பிசியில எனக்குப் பிடித்தது. கன்சோலில் பாதியை இந்த மாதம், மீதியை அடுத்த வருஷம் என்று வாங்க முடியாதே.

இரண்டு_பசங்க_அம்மா:

தம்பிகளா, நான் விளையாடுகிற ஆள் இல்லை, வாங்கிக் கொடுத்த ஆள். பெரியவன் பத்தாவது முடித்ததும் "படிக்கத்தான்மா" என்று ஒரு லிஸ்ட் நீட்டினான், அதில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாதி விலை. படிக்க இது எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. எங்கள் ஏரியா கடைக்காரர் நல்ல மனுஷர், ரைசன் 5600ஜி பிராசசர் போடுங்க அக்கா, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு, கார்டு அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். ராம் மட்டும் ஒரே 16ஆக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு போடணும், அப்போதுதான் உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் திணறாது என்று சொன்னார். பையன் மூஞ்சி ஒரு வாரம் தூக்கித்தான் இருந்தது. இப்போது பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் ஏதேதோ வீடு, கார் எல்லாம் செய்து காட்டுகிறான், நடுவில் கேமும் ஓடுகிறது, எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பிளஸ் டூ முடித்தால் கார்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மார்க் வந்துவிட்டது, இனி தப்பிக்க முடியாது. பழையது வாங்கலாமா?

மலைக்கோட்டை:

அக்கா, என் கதையைப் படித்துமா இந்தக் கேள்வி? பழையது தப்பில்லை, வாசலில் நின்று வாங்கியதுதான் தப்பு. விற்பவர் வீட்டிலேயே, அவர் மெஷினிலேயே மாட்டி அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஜிபியு-இசட்டைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையை உங்கள் பையனே சரிபார்க்கட்டும், பில் இருக்கிறதா, வாரன்டி மிச்சம் இருக்கிறதா கேளுங்க. மறுத்தால் திரும்பி வந்துவிடுங்க.

அதற்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான எட்டு பின் வயர் இருக்கிறதா பாருங்க. இல்லாவிட்டால் போர்டிலிருந்தே 75 வாட் எடுத்து ஓடுகிற சின்ன கார்டோடு நிறுத்த வேண்டும், இல்லை எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டும். கார்டின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்க, சின்ன கேபினெட்டில் இடிக்கும்.

ரிச்சி ஸ்ட்ரீட் வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கடைகள் லீவு. அதுவும் நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.