"மாத்திரையை வேணா நிறுத்துறேன், பொடியை நிறுத்த மாட்டேன்" என்கிறார் அப்பா

செக்கானூரணிக்காரன்:

அப்பாவுக்கு 68 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுகர் வந்து 11 வருடம். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. ஆறு மாதம் முன்பு, கண்மாய்க்கரையில் கூட நடக்கிறவர் சொன்னார் என்று கீழமாசி வீதிப் பக்கம் போய் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வந்தார். வெறும் வயிற்றில் வெந்நீரில் ஒரு கரண்டி. பத்தாததற்கு வாரத்தில் மூன்று நாள் பாகற்காய்ச் சாறு. டாக்டரிடம் மூச்சு விடவில்லை. கேட்டால், "அதென்ன மருந்தாடா, இலைதானே" என்பார்.

போன புரட்டாசி சனிக்கிழமை விரதம். சாமி கும்பிட்டுத்தான் சாப்பாடு என்று அழகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். பொடியும் மாத்திரையும் மட்டும் உள்ளே போயிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. வரிசையில் நிற்கும்போது அப்பாவின் சட்டை தொப்பலாக நனைந்தது. வெயில் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா தனக்கு முன்னால் நின்றவரின் தோளைத் தட்டி, "டிக்கெட் எடுத்தாச்சா? உள்ளே தள்ளி நில்லுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கை நடுங்க ஆரம்பித்ததும் வெளியே கூட்டி வந்தேன். டீக்கடைக்காரர்தான் பார்த்த உடனே "சுகர் இருக்கா?" என்று கேட்டு, சீனியைக் கரைத்துக் குடிக்க வைத்தார். கடையில் நின்ற ஒருவர் பையில் மிஷின் வைத்திருந்தார். குத்திப் பார்த்தால் 61. சீனித் தண்ணீர் குடித்த பிறகு 61!

இப்போது வீட்டில் சண்டை. "பொடி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? அப்ப மாத்திரையை நிறுத்திடலாம்" என்கிறார். என்ன பதில் சொல்வது?

திருமங்கலம் மெடிக்கல்:

தம்பி, மாத்திரையை அவராக நிறுத்த விடாதீர்கள். 22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். அப்படி நிறுத்திவிட்டு சுகர் 400-க்கு மேலே போய் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சுகர் இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்று அது பார்க்காது. சிறுகுறிஞ்சானும் சுகரைக் குறைக்கிற இலைதான். அதை மென்றுவிட்டு சீனியை வாயில் போடச் சொல்லுங்கள், மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். பாகற்காயும் அதே பக்கம்தான் இழுக்கும். மூன்றும் சேர்ந்து, வயிறும் காலியாக இருந்தால் என்ன ஆகும்? மாத்திரையில் எத்தனை மி.கி. என்று அட்டையில் போட்டிருக்கும். பொடியில் கரண்டிதான் கணக்கு. உங்கள் வீட்டுக் கரண்டி எவ்வளவு பெரிசு என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

"வேற மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "பொடி, கசாயம், லேகியம்?" என்று பேர் சொல்லிக் கேட்டால்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மேலூர் மருமகள்:

எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர். அத்தைக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் ஊறும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு தினமும் முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தது நான்தான். அடுத்த தடவை பார்த்தால் 1.7. கீரையில் வைட்டமின் கே அதிகமாம், அது மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடுமாம். டாக்டர் கீரையே கூடாது என்று சொல்லவில்லை. வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும், திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார்.

சித்த மருத்துவம் படித்தவள்:

பழி எல்லாம் பொடி மேலே விழுவதால் எழுதுகிறேன். உங்கள் அப்பா எந்த சித்த மருத்துவரிடம் போனார்? கண்மாய்க்கரை நண்பரிடம்தானே? என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இங்கிலீஷ் மருந்து அட்டையைத்தான். வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறவருக்குத் திரிகடுகைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. அதில் இருக்கும் மிளகும் திப்பிலியும் அந்த மருந்தை ரத்தத்தில் கூட்டிவிடும். இருமலுக்கு அதிமதுரத்தை மாதக்கணக்கில் சப்பினால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம்.

இன்னொன்று, லேபிள் இல்லாத சுகர் பொடிகளை நம்பாதீர்கள். அலோபதி மாத்திரையையே இடித்துக் கலந்து விற்றுப் பிடிபட்டவர்கள் உண்டு. "நல்லா கேக்குது" என்றால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான்.

செக்கானூரணிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மெடிக்கல் அண்ணன் கரண்டியைப் பற்றிக் கேட்டதை நினைத்து பொடி டப்பாவையும் கரண்டியையும் பையில் போட்டு டாக்டரிடமே கொண்டுபோனேன். அவர் கோபப்படவில்லை. கரண்டியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பொடியும் சாறும் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை அப்படியே இருக்கட்டும், இரண்டு வாரம் வீட்டில் பார்த்து எழுதி வாருங்கள், அப்புறம் அளவை முடிவு செய்யலாம் என்றார். விரத நாள் என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டுமாம்.

அப்பா நோட்டில் கோடு போட்டு, கண்டக்டர் காலத்து வேபில் மாதிரியே கட்டம் கட்டி எழுதுகிறார். தேதி, நேரம், சாப்பிட்டது, சுகர். இன்று காலை 138. சில்லறையைச் சரிபார்ப்பது போல மிஷினை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.