வேன்ல இருக்கற கேஸ் சிலிண்டர் ரொப்பறது எப்படி?

காட்பாடி வேன்காரன்: பழைய வேன உள்ளயே சமைச்சு தூங்கற மாதிரி கேம்பரா மாத்திட்டேன், அடுத்த வாரம் குடும்பத்தோட ஏலகிரி, அப்படியே ஜமுனாமரத்தூர். 5 கிலோ சிலிண்டர் காலி, ஒரு கடையில பெரிய சிலிண்டர்லருந்து புடிச்சு தரேங்கறாங்க, பண்ணலாமாண்ணா?

ஆற்காட்டு அண்ணன்: வேணாம் தம்பி, சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. முழுசா ரொப்பிட்டா நம்ம வேலூர் வெயில்ல உள்ள இருக்கற லிக்விட் விரிய இடமே இருக்காது, அதான் ப்ளான்ட்ல சுமார் 85 சதவீதத்தோட நிறுத்திருவாங்க. ஏஜென்சில காலிய குடுத்து ஃபுல் மாத்திக்கோ. சிலிண்டர்ல போட்டிருக்கற அடுத்த டெஸ்ட் தேதியும் பாரு, பி-27னா 2027 ஜூன் வரைக்கும்.

வாலாஜா அக்கா: நிக்க வெச்சே கட்டுங்க தம்பி. கேஸ் காத்தவிட கனம், லீக்கானா தரையிலதான் தேங்கும், அதனால சிலிண்டர் வெக்கற பெட்டி அடியில வெளிய போற ஓட்டை கட்டாயம் வேணும், ட்யூப் ஜாயின்ட்ல சோப்பு தண்ணி தடவி பாருங்க. வண்டி ஓடறப்போ ரெகுலேட்டர் ஆஃப்லயே இருக்கட்டும், புள்ளைங்க உள்ள தூங்குவாங்க இல்ல.

காட்பாடி வேன்காரன்: சரிக்கா, நாளைக்கே ஏஜென்சி போறேன்.