மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமும் கிறிஸ்தவரல்லாத மாணவியரும்

கேள்வி: விடுதிக் காப்பாளர், நீலகிரி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நீலகிரியில் திருச்சபை நடத்தும் கல்லூரி ஒன்றின் மாணவியர் விடுதி என் பொறுப்பில் இருக்கிறது. முதலாமாண்டு மாணவியர் சேர்ந்தவுடன் ஒரு மாலையில் எல்லோரும் சிற்றாலயத்தில் கூடுவோம். மூன்றாமாண்டு மாணவியர் தங்கள் மெழுகுவத்தியிலிருந்து சுடரேற்றிப் புதியவர்களின் கையில் கொடுப்பார்கள். பிறகு கல்லூரிப் பாடலும், கிறிஸ்துவின் ஒளியாக வாழ்வேன் என்று தொடங்கும் உறுதிமொழியும் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி, "நான் அம்மனைக் கும்பிடுகிறவள், இதை எப்படி மனதறிந்து சொல்வேன்?" என்று என்னிடம் கேட்டாள். உறுதிமொழியை எடுத்துவிட்டால் கல்லூரியின் சாட்சியே போய்விடும் என்கிறார்கள் கிறிஸ்தவ மாணவியர் சிலர்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. முந்தைய இரவு புதியவர்கள் வரிசையில் நின்று மூத்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஒப்பிக்க வேண்டும். தவறினால் எல்லோர் முன்னிலும் ஆடவோ பாடவோ வேண்டும். குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும் முறை இது என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். விசுவாசத்தின் வெளிச்சத்தில் எதைக் காப்பது, எதை விடுவது?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், கொடைக்கானல்

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு, இரண்டாவது வழக்கத்தைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. புதிய மாணவரை அவர் இயல்பாக விரும்பிச் செய்யாத செயலைச் செய்யச் சொல்வதைத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ராகிங் என்றே கொள்கிறது. இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளோ, தடுக்கும் பொறுப்பைக் கல்லூரி நிர்வாகத்தின் மீதே வைக்கின்றன.

சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு யோவான் 13 இருக்கிறது. அந்த மேல்வீட்டறையில் மூத்தவராக இருந்த இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். ஊழியம் கொள்ளுவதற்கல்ல, ஊழியம் செய்வதற்கே வந்தார் என்ற மாற்கு 10:45ஐ வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் இலட்சிய வாக்காக வைத்திருக்கிறது. அதைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் 1960இல் எங்கள் கொடைக்கானலில்தான் காலமானார். மலைக் குளிரை அறியாமல் சமவெளியிலிருந்து மெல்லிய போர்வையோடு ஜூன் மழையில் வந்திறங்கும் பிள்ளையின் பெட்டியைத் தூக்குவதும், முதல் வாரம் அவளுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுப்பதும் மூத்தவர்களின் வழக்கமாகட்டும்.

பதில் 2: முன்னாள் மாணவி, கோத்தகிரி

வார்டன் அம்மாவுக்கு வணக்கம். நான் படுகர் இனத்தவள். கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் படித்து, அதன் விடுதியில் தங்கியவள். எங்களுக்காக உங்கள் விசுவாசத்தை மறைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். தன் நம்பிக்கையைச் சொல்லக் கூச்சப்படும் கல்லூரியில் எனக்கு அறிமுகமாக என்ன இருக்கும்? சிற்றாலயத்துப் பாடல்களை இன்றும் நேசிக்கிறேன். தேர்வுக்கு முந்தைய இரவில் என் அறைத்தோழி எனக்காக ஜெபித்ததை அன்பாகவே ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூர் நண்பர்கள் வந்தால் மனம் குளிர உபசரிப்போம். ஆனால் எங்களுக்குரிய வேண்டுதலைச் செய்யும்படி அவர்களை ஒருபோதும் வற்புறுத்துவதில்லை. அவர்கள் நின்று பார்ப்பதே எங்களுக்கு மரியாதைதான். அந்தத் தோட்டத்து மாணவி உங்களிடம் வந்து கேட்டிருக்கிறாள். என்னோடு படித்தவர்களில் பலர் கேட்காமலே உதடு மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பொய்தான் எங்களைக் கல்லூரியிலிருந்து விலக்கி வைத்தது, கிறிஸ்துவின் பெயர் அன்று.

பதில் 3: சபை ஆயர், உதகை

மேலே எழுதிய சகோதரியின் கடைசி வரி எங்களைப் போன்றவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது. தான் நம்பாததைச் சொல்லும்படி ஒரு பிள்ளையைச் சபை நடுவே நிறுத்தினால், அது கிறிஸ்துவுக்குச் சாட்சியாகாது. கல்லூரிக்கு ஒரு தலையெண்ணிக்கையாக மட்டுமே நிற்கும். ஞானஸ்நானம் ஒருவரைக் கிறிஸ்துவின் சரீரத்தில் சேர்க்கிறது. கல்லூரிச் சேர்க்கை அதைச் செய்வதில்லை, செய்வதாக நடிக்கவும் கூடாது. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கொரிந்தியர் பிரிந்து நின்றபோது பவுல் கண்டித்தது, விசுவாசிகளுக்குள்ளேயே எழும் இந்தக் கூட்டப் பெருமையைத்தான். கொரிந்தியருக்கு எழுதிய அந்த முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசியோடு நிற்கும் திருவிருந்தைக் கண்டு, "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுதினார். தோட்டத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒழுங்கு உங்கள் வழக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யோசுவா 4ஆம் அதிகாரமும் இங்கே உதவும். இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்தபோது அதிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நாட்டியது, பின்வரும் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே. ஆகவே மெழுகுவத்தி இருக்கட்டும்; சுடர் கொடுப்பதற்கு முன் புதிய மாணவி ஒருத்தி எழுந்து, இது எதற்காக என்று கேட்கட்டும்; மூத்த மாணவி ஒருத்தி தன் விசுவாசத்தைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். உறுதிமொழியை இரண்டாகப் பிரியுங்கள். கிறிஸ்துவை அறிக்கையிடும் பகுதியை விசுவாசிக்கிறவர்கள் சொல்லலாம். உண்மையாய்ப் படிப்பேன், எளியவருக்கு உதவுவேன் என்ற பகுதியை எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் தம் வழக்கங்களை எறிந்துவிட்டு வரவில்லை. ஒன்றாகச் செய்யக்கூடியதைத் தேடி, அதற்குப் பொறுமையாக உழைத்தன.

கொடைக்கானல் ஐயாவிடம் ஒன்றில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். பெயர் ஒப்பிக்கும் வழக்கத்தை முழுவதும் விட வேண்டியதில்லை, திருப்பிவிட்டால் போதும். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10 சொல்கிறது. முதல் வாரத்துக்குள் மூத்தவர்கள் ஒவ்வொரு புதியவளின் பெயரையும் ஊரையும் கற்றுக்கொண்டு, வெளிச்சம் கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரவு வரிசையை நிறுத்தும்படி முதல்வரிடம் நாளையே எழுத்தில் கொடுக்கிறேன். கோத்தகிரி சகோதரி, இந்த ஜூனில் எங்கள் விடுதிக்கு வந்து மூன்றாமாண்டு மாணவியரிடம் இதையே பேச முடியுமா? உறுதிமொழியின் இரண்டு பகுதிகளையும் கிறிஸ்தவ மாணவியரையும் அந்தத் தோட்டத்து மாணவியையும் சேர்த்து உட்காரவைத்தே எழுதப் போகிறேன். எழுதியதும் இங்கே பதிகிறேன், ஆயர் அவர்கள் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.