திருமணிமுத்தாற்று வண்டல்: சோதனைக்கு உதவி வேண்டும்

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன். சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் சாக்கடையும் சாயநீரும் கலந்து ஓடும் திருமணிமுத்தாற்றின் அடிவண்டல்தான் ஆய்வுப்பொருள்.

வண்டலில் குரோமியமும் நிக்கலும் அதிகமாக வருகின்றன. நன்னீர் வண்டலுக்கு 2000இல் வட அமெரிக்காவில் வெளியான அளவுகோல்படி, கிலோவுக்குக் குரோமியம் 111 மி.கி., நிக்கல் 48.6 மி.கி. தாண்டினால் அடிமட்ட உயிர்களுக்குப் பாதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம்ம ஊர் மேக்னசைட் குன்றுகளின் டூனைட் என்ற பாறையிலேயே இந்த இரண்டும் இயற்கையாக உண்டு. கருப்பூர் பக்கம் குரோமியத்தின் தாதுவான குரோமைட்டே இருக்கிறது. குரோமைட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் குரோமியம் லேசில் கரையாது, புழுவையும் கொல்லாது. ஆக, மொத்த அளவை மட்டும் வைத்து ‘நஞ்சு’ என்று எழுத எனக்கு மனசில்லை. (அட்டவணை போட்டால் போதும் என்கிறார்கள் சீனியர்கள்.)

அதனால் சேற்றில் வாழும் கைரோனோமஸ் என்ற பூச்சியின் புழுவை 10 நாள் வண்டலில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன, எவ்வளவு வளர்கின்றன என்று பார்க்கப்போகிறேன். மீன்தொட்டிக்காரர்கள் பிளட் வார்ம் என்பார்களே, அதேதான். இதை முட்டையிலிருந்து வளர்த்த அனுபவம் யாருக்காவது உண்டா? கடையில் வாங்கினால் வயது கலந்திருக்கும், சரிப்படாது.

அப்புறம், ஒப்பீட்டுக்கு அதே பாறை உள்ள, ஆனால் கழிவு கலக்காத ஓடை வேண்டும். ஏற்காடு மேலே சார்னோகைட் பாறை, பொருந்தாது. சேற்றிலுள்ள சல்பைடும் (கந்தகச் சேர்மம்) அளக்க வேண்டும். நிக்கலை அதுதான் பிடித்து வைக்கும், காற்று பட்டால் விட்டுவிடும். காற்றுப் படாமல் மாதிரி வாங்கிச் சோதிக்கும் ஆய்வகம் சேலம், கோவை பக்கம் தெரிந்தால் சொல்லுங்கள். மழைக்கு முன் மாதிரி எடுக்க வேண்டும்.